கடைமடைக்கு எப்போது வரும் வேகம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: 'எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் புதுப்பித்துவிட்டார்கள், வீட்டில் நெட் மட்டும் பழையபடியே நகர்கிறது.' அதனால் இன்வெர்ட்டர் பேட்டரி, போர் மோட்டார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறும்வரை பார்த்தது கேபிள் பிரிவு வேலை. ஏசி போட்ட ஸ்விட்ச் ரூமில் உட்கார்ந்தவன் அல்ல, பள்ளத்தில் இறங்கி ஜாயின்ட் பிரித்தவன். என் பதில்களும் கேபிள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

*

கேள்வி: எங்கள் கிராமத்து எக்ஸ்சேஞ்சில் புதுக் கருவி வைத்திருக்கிறார்கள். 'இனிமேல் 24 எம்பி வரை வரும் சார்' என்றார் லைன்மேன். என் வீட்டில் 2-ஐத் தொடவே மூச்சு வாங்குகிறது. பழைய செப்புக் கம்பி இணைப்புதான், மோடம் மட்டும் புதிது. வீடு ஆற்றுக்கு அக்கரை. எக்ஸ்சேஞ்ச் கட்டடம் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். இதற்கு மேல் என்ன செய்வது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், வலங்கைமான் வட்டம்

பதில்: ஐயா, லைன்மேன் பொய் சொல்லவில்லை. 24 என்பது ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற, போன் கம்பியிலேயே நெட் அனுப்பும் முறையின் உச்சம். எக்ஸ்சேஞ்சை ஒட்டி வீடு இருந்தால் அதற்குப் பக்கத்தில் கிடைக்கும். செப்புக் கம்பியில் தூரம் கூடக் கூட அது கரைந்துகொண்டே போகும். ஒன்றரை கிலோமீட்டர் வரை 15-க்கு மேல் எதிர்பார்க்கலாம். 3 கிலோமீட்டரில் 8 பக்கம் வந்தால் நல்ல லைன். 4-ஐத் தாண்டினால் 3 வந்தாலே கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும். கடைமடை வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்பது கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும். நீங்கள் கடைமடை.

மாடியிலிருந்து தெரிகிறதே என்கிறீர்கள். கேபிளுக்கு ஆற்றைத் தாண்டிக் குதிக்கத் தெரியாது. அது சாலையோரமாகவே போய்ப் பாலத்தைப் பிடித்து, கைப்பிடிச் சுவரை ஒட்டிய இரும்புக் குழாய்க்குள் ஆற்றைக் கடந்து, மறுபடி இந்தப் பக்கம் திரும்பி வந்து, தெருமுனைப் பில்லர் என்ற இணைப்புப் பெட்டியில் ஏறி, அங்கிருந்து வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பெட்டிக்குப் போய், கடைசியில் டிராப் வயராக உங்கள் வீட்டுக்கு வருகிறது. கண்ணுக்கு ஒரு கிலோமீட்டராகத் தெரிவது கம்பிக்கு நான்கு கிலோமீட்டராக இருக்கும்.

அடுத்து, 'எக்ஸ்சேஞ்சைப் புதுப்பித்தோம்' என்று யாராவது சொன்னால் எதைப் புதுப்பித்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சுக்கான ஸ்விட்சை மாற்றியிருக்கலாம். பல கிராமங்களில் நடந்தது அதுதான். 1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களுக்கென்றே வடிவமைத்த 128 லைன் எக்ஸ்சேஞ்ச் ஏசி இல்லாமலே நம் வெயிலில் ஓடியது. அந்தத் தலைமுறை ஸ்விட்சுகளை எடுத்துவிட்டு இணைய முறையில் இயங்கும் புதிய ஸ்விட்சுகளை வைக்கிறார்கள். இதனால் உங்கள் நெட் வேகத்துக்கு ஒரு பைசா லாபம் இல்லை. இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போகும் பாதையைப் பெரிதாக்கியிருக்கலாம். அப்படியென்றால் ராத்திரி நெரிசல் குறையும். மூன்றாவது, பிராட்பேண்ட் கார்டை மாற்றியிருக்கலாம். உங்கள் லைன்மேன் சொன்ன 24 இந்த வகை. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு அரை எம்பி கூடினால் பெரிது. நான்காவது, ஃபைபர் கருவி வைத்திருக்கலாம். அதுதான் உங்கள் வீட்டுக்கு உண்மையான மாற்றம். ஆனால் ஃபைபர் உங்கள் தெருவுக்கு வந்து சேர வேண்டும்.

சரி, ஃபைபர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மோடத்தோடு கம்பியால் இணைத்த கம்ப்யூட்டரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் பக்கத்தைத் திறங்கள். அங்கே டிஎஸ்எல் நிலவரம் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, அட்டென்யுவேஷன், அதாவது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. 30-க்குள் இருந்தால் லைன் குட்டை, 50-ஐத் தாண்டினால் நீளமான லைன். உங்களுக்கு 55 பக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்தது எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது லைன் இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு இருக்கும் உபரி. அது 6-க்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வரும். மூன்றாவதுதான் முக்கியம். மோடம் எக்ஸ்சேஞ்சோடு பேசி ஒத்துக்கொண்ட வேகம், டவுன்ஸ்ட்ரீம் ரேட் என்று போட்டிருக்கும். அது 2048 (கேபிபிஎஸ் கணக்கில் 2 எம்பி) என்றோ அதற்கு ஒன்றிரண்டு முன்பின்னாகவோ இருந்தால் குற்றம் கம்பியில் இல்லை. எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைன் செருகிய போர்ட்டுக்குப் பழைய திட்டத்தின் உச்சவரம்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கார்டை மாற்றியவர்கள் அந்த வரம்பை வைக்கும் ப்ரொஃபைலை மாற்ற மறந்திருப்பார்கள். 'போர்ட் ப்ரொஃபைலைத் திட்டத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றிவிடுவார்கள். எண் 1873, 2311 என்று தாறுமாறாக இருந்தால்தான் கம்பி தன்னால் முடிந்ததைக் கொடுக்கிறது என்று பொருள்.

அப்படித் தாறுமாறாக இருந்தால், ஒரு சாதாரண போனை மாட்டி ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காதை வைத்துக் கேளுங்கள். கரகரப்போ, வறுபடுகிற சத்தமோ கேட்டால் லைனில் பழுது. அதைப் 'போன் பழுது' என்று புகார் கொடுங்கள், 'நெட் ஸ்லோ' என்று கொடுக்காதீர்கள். நெட் ஸ்லோ என்றால் 'மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்' என்பதோடு முடிந்துவிடும். போன் பழுது என்றால் ஆள் வந்து லைனைச் சோதித்தாக வேண்டும்.

வீட்டுக்குள்ளே: டிராப் வயர் சுவரில் வந்து முடியும் முதல் ரோசெட்டிலேயே (போன் செருகும் பெட்டி) மோடத்தை மாட்டிப் பாருங்கள். உள் அறைக்கு இழுத்த பழைய பேரலல் வயர், சமையலறைப் போன், பந்தல் போட்டபோது முறுக்கி ஒட்டிய ஜாயின்ட், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். எல்லாப் போனுக்கும் முன்னால் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருக்க வேண்டும். ஒரே ஒரு போன் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேராக லைனில் தொங்கினாலும் அது மொத்த வேகத்தையும் கெடுக்கும். ஓட்டுச் சரிவுக்குக் கீழே டிராப் வயர் ஜாயின்ட் இருந்தால் டேப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பு பச்சை பூத்திருக்கும். அதை நறுக்கிவிட்டுப் புதிதாக ஜாயின்ட் போட்டால் எஸ்என்ஆர் இரண்டு மூன்று ஏறுவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 2004-இல் 256 கேபிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட். 2013-இல் அதை 512 ஆக்கினார்கள். 2023-இலிருந்து குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் அந்தப் பெயர். உங்கள் புகாரில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

*

கேள்வி: கும்பகோணத்தில் பழைய அக்ரஹாரத்து வீடு. ஃபைபர் போட்டு 100 எம்பி திட்டம் எடுத்தோம். ரேழியில் உட்கார்ந்தால் 90 வருகிறது. இரண்டாம் கட்டில் 12. மாடி அறையில் மருமகள் ஆபீஸ் வேலை பார்க்கிறாள், அங்கே 5, சில நேரம் அதுவும் இல்லை. 200 எம்பி திட்டத்துக்கு மாறலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாறாதீர்கள் அம்மா. 200 எடுத்தால் ரேழியில் 180 வரும், மாடியில் அதே 5 வரும். ரேழியில் 90 வருகிறது என்றாலே கம்பெனி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. மீதி உங்கள் சுவர் செய்கிற வேலை.

அந்தக் கால வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டினது, ஒன்றரை இரண்டு அடி கனம். வெயிலுக்கு அது வரம், வைஃபைக்கு எமன். ரௌட்டர் இரண்டு பெயரில் வைஃபை காட்டும், ஒன்று 2.4, மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் கனமான சுவர் ஒன்றைத் தாண்டியதும் சோர்ந்துவிடும். 2.4 இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், வேகம் குறைச்சல். பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் அதிலேயே கூடிக் கும்மியடிக்கும். உங்கள் தெருவில் வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன, கேட்க வேண்டாம்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசலில் வயர் நுழைந்த இடத்திலேயே, ரேழியில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அது சுலபம். அதைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். முற்றத்தைப் பார்த்த தூணில், ஆள் உயரத்துக்கு மேலே. முற்றம் திறந்த வெளி, அலை அந்த வழியாக மேலேயும் ஏறும், இரண்டாம் கட்டுக்கும் போகும். ஃபைபர் வயரை நீட்டிக் கொடுக்கச் சொன்னால் செய்து தருவார்கள். நீங்களாக இழுத்து மடக்க வேண்டாம். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலும், ஷோகேஸுக்குள் டிவிக்குப் பின்னாலும் ரௌட்டரை ஒளித்து வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அழகுக்குத் துணி போர்த்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அலை துணியைத் தாண்டிப் போய்விடும், ஆனால் ரௌட்டர் சூடாகும்.

மாடிக்கு நிரந்தரத் தீர்வு: கூடத்து ரௌட்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை மழைநீர்க் குழாயை ஒட்டி மேலே கொண்டுபோய் அங்கே இரண்டாவது ரௌட்டரை வையுங்கள். புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. பரணில் பழைய ரௌட்டர் இருக்குமே, அதுவே போதும். அதில் டிஹெச்சிபி (இணையும் கருவிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் வசதி) என்பதை அணைத்துவிட்டு, அதன் ஐபி எண்ணைக் கூடத்து ரௌட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, கேபிளை இன்டர்நெட் என்று எழுதிய துளையில் அல்லாமல் சாதாரண லேன் துளையில் செருகினால் மாடியிலும் கூடத்து வேகம் பெரும்பகுதி வந்துவிடும். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் மட்டும் ரிப்பீட்டர். அது ஒரே வைஃபையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் பாதியாகும். அதையும் மாடி அறையில் வைக்கக் கூடாது. சிக்னல் நன்றாக இருக்கும் மாடிப்படி நடுவில் வைக்க வேண்டும்.

2.4-இல் சேனல் எண்ணை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு போனில் கிடைக்கும். காலியாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: 40 எம்பி திட்டம் என்று பணம் வாங்குகிறார்கள். ஒரு ஃபைல் இறக்கினால் நொடிக்கு 5 எம்பிக்கு மேல் காட்டுவதில்லை. எட்டில் ஒரு பங்கு! இது ஏமாற்று வேலை இல்லையா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: இல்லை தம்பி. உங்களுக்கு முழு 40-உம் வருகிறது. கம்பெனி பிட்டில் விற்கிறது, உங்கள் கம்ப்யூட்டர் பைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 40-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எண் அழகாகத் தெரியும் என்பதற்காகத்தான் இப்படி என்று நீங்கள் சந்தேகப்பட்டால் நான் மறுக்க மாட்டேன்.

*

கேள்வி: காவிரிக் கரையில் வீடு. எக்ஸ்சேஞ்ச் மாறியபோது எங்களுக்கும் ஃபைபர் வந்தது. பகலெல்லாம் குதிரை மாதிரி ஓடுகிறது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் இழுக்கிறது, சில நாள் சிவப்பு விளக்கு எரிந்து நெட்டே போய்விடுகிறது. காலையில் தானாகச் சரியாகிவிடும். ஆள் வருவது எப்போதும் பகலில்தான், 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறார். மோடம் இருக்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், திருவையாறு

பதில்: படம் அனுப்பியதற்கு நன்றி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் ஃபைபர் வயர் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. மரச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில், மூலையில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயரின் கறுப்பு உறை அந்த இடத்தில் தட்டையாகிப் பளபளக்கிறது. ஏழு மணிக்குக் கொசுவுக்காக ஜன்னலைச் சாத்துகிறீர்களா?

ஃபைபருக்குள் ஓடுவது ஒளி. கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினாலோ நசுங்கினாலோ அந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். இழை உடைய வேண்டும் என்றில்லை, மடங்கினாலே போதும். ஜன்னலைத் திறந்ததும் நிமிர்ந்துகொள்ளும், நெட் ஓடும். ஆள் பகலில் வருகிறார், ஜன்னல் திறந்திருக்கிறது, அவர் கருவியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அவர் மேல் குற்றமில்லை.

இதை நிரூபிப்பதும் சுலபம். மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் ஆப்டிகல் அளவு என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். மைனஸ் 15-இலிருந்து 24 வரை இருந்தால் நிம்மதி. 27-ஐ நெருங்கினால் தடுமாறும், தாண்டினால் சிவப்பு விளக்கு. மைனஸ் என்பதால் எண் பெரிதானால் ஒளி குறைவு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு தரம் பாருங்கள், சாத்திவிட்டு ஒரு தரம் பாருங்கள். இரண்டையும் படமெடுத்து அவரிடம் காட்டுங்கள். சுவரில் ஒரு துளை போட்டு வயரை அதன் வழியாக உள்ளே விட்டால் தீர்ந்தது. துளையை வெளிப்பக்கம் தாழ்வாகச் சாய்த்துப் போடச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே வராது. மிச்ச வயரைத் தட்டு அகலத்துக்கு வளையமாகச் சுற்றுங்கள், சின்னதாக முறுக்கி ஆணியில் மாட்டாதீர்கள். பச்சை நிற முனையைக் கழற்றி வாயால் ஊத வேண்டாம். எச்சில் பட்டால் அது வேறு தொல்லை.

மற்ற வாசகர்களுக்கும்: ஃபைபர் பழுது என்று எனக்கு வருகிற படங்களில் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு ஜன்னலோ, கட்டில் காலோ, இறுக்கி அடித்த கிளிப்போ இருக்கிறது. அதை விட்டால் அணில். தென்னை மரத்தில் கட்டி இழுத்த வயர் என்றால் அணிலோடு மட்டையும் சேர்ந்துகொள்ளும்.

*

கேள்வி: மகன் சிங்கப்பூரில். வீடியோவில் பேசினால் அவன் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, என் முகம் அவனுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். நாடு தாண்டிப் போவதால் இப்படியா?
– வாசகி, கூத்தாநல்லூர்

பதில்: கூத்தாநல்லூரில் சிங்கப்பூர் பேச்சு இல்லாத வீடு எது! கடல் மேல் பழி போட வேண்டாம் அம்மா. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி ஃபைபர் கேபிள் 2002-இலேயே போட்டாயிற்று. 3,200 கிலோமீட்டர் சொச்சம். ஒளி அதைக் கண் இமைக்கும் முன்னால் கடந்துவிடும். தகராறு உங்கள் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரையில்தான்.

அவன் முகம் உங்களுக்கு வருவது டவுன்லோடு, உங்கள் முகம் அவனுக்குப் போவது அப்லோடு. நீங்கள் வைத்திருப்பது செப்புக் கம்பி இணைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முறையில் வரும் வழி அகலம், போகும் வழி குறுகல். அமைப்பே அப்படித்தான். டவுன்லோடு எட்டு பத்து இருந்தாலும் அப்லோடு 1 எம்பிபிஎஸ் சுற்றித்தான் இருக்கும், எக்ஸ்சேஞ்சைப் புதுப்பித்தாலும் அது அதிகம் ஏறாது. இருக்கிற அந்த ஒன்றையும் உங்கள் போன் தின்றுகொண்டிருக்கலாம். எடுத்த படங்களையெல்லாம் தானாக மேலே ஏற்றும் பேக்கப் வசதி வைஃபை கிடைத்ததும் ஓட ஆரம்பிக்கும். வீட்டில் உள்ள எல்லாப் போன்களிலும் அதைப் பேசும் நேரத்துக்கு நிறுத்திவையுங்கள், அல்லது ராத்திரி தூங்கும்போது ஓடும்படி விடுங்கள். உடனே வித்தியாசம் தெரியும். ஃபைபர் உங்கள் தெருவுக்கு வந்தால் யோசிக்காமல் மாறுங்கள், அதில் போகும் வழியும் அகலம். பழைய நம்பர் தொடருமா என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: செப்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். வேகம் பற்றிக் குறை இல்லை. ஆனால் கரண்ட் போனால் வீட்டுப் போனும் ஊமையாகிவிடுகிறது. முன்பு அப்படி இல்லையே? புயல் நேரத்தில் அதுதானே எங்களுக்குத் துணை.
– விவசாயி, வேதாரண்யம் வட்டம்

பதில்: நியாயமான வருத்தம். பழைய போனுக்கு மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை நிறையப் பேட்டரிகள் இருக்கும், அவற்றின் 48 வோல்ட் அந்தச் செப்புக் கம்பி வழியாகவே உங்கள் போனுக்கு வந்துகொண்டிருந்தது. ஊரே இருண்டாலும் பேட்டரியும் டீசலும் இருக்கும்வரை மணி அடிக்கும். ஃபைபர் கண்ணாடி. அதில் மின்சாரம் வராது. மோடம் எரிந்தால்தான் போன்.

தீர்வு சின்னது: 12 வோல்ட் மினி யுபிஎஸ் என்று கேளுங்கள். ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். வாங்கும் முன் உங்கள் மோடத்தின் அடாப்டரைத் திருப்பி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது கூடுதல். சில மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் மோடத்தை மாட்டினாலே போதும். கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதன் அடித்தட்டுக்கும் கரண்ட் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஆனால் புயலுக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் உங்கள் பக்கம்தான் கரையேறியது. மின்கம்பமும் தென்னையும் சாய்ந்தபோது அவற்றில் கட்டியிருந்த வயர்களும் கூடவே போயின. உங்கள் ஃபைபர் கம்பம் வழியாகத்தான் வருகிறது என்றால் மினி யுபிஎஸ் சாதாரண கரண்ட் கட்டுக்குத்தான் உதவும். பெரும்புயலுக்கு ரேடியோவையும் சார்ஜ் ஏற்றிய செல்போனையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: 150 எம்பி திட்டம். எத்தனை தடவை சோதித்தாலும் 94, 95-ஐத் தாண்டாது. வைஃபை இல்லை, கேபிள் போட்டே சோதிக்கிறேன்.
– கடைக்காரர், மயிலாடுதுறை

பதில்: எண்ணைப் பார்த்ததுமே தெரிகிறது. 100 எம்பி போர்ட்டில் போக்குவரத்துச் செலவு போகக் கையில் நிற்பது 95 சொச்சம். மோடம், ரௌட்டர், கம்ப்யூட்டர் மூன்றில் ஏதோ ஒன்றின் போர்ட் கிகாபிட் (1000 எம்பி) இல்லை. எல்லாம் கிகாபிட்தான் என்றால் கேபிளின் முனையைப் பாருங்கள். 100-க்கு நான்கு கம்பி போதும், அதற்கு மேல் எட்டுக் கம்பியும் வேண்டும். மலிவு கேபிளில் நான்கைத்தான் பதித்திருப்பார்கள், அல்லது எலி ஒன்றைக் கடித்திருக்கும். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

*

கேள்வி: இ-சேவை மையம் நடத்துகிறேன். காலையில் 60, மாலையில் 6. மாதக் கடைசியில் காலையிலும் 6. எங்கே புகார் செய்தாலும் 'எக்ஸ்சேஞ்ச் வேலை நடக்கிறது' என்கிறார்கள்.
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உங்களுக்கு இரண்டு வியாதி, தனித்தனியாகப் பார்ப்போம். மாதக் கடைசி முழுக்க மெதுவாக இருந்தால் உங்கள் திட்டத்தின் மாத அளவு தீர்ந்துவிட்டது. 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்திலும், 'இத்தனை ஜிபிக்குப் பின் இத்தனை எம்பிபிஎஸ்' என்று எறும்பு எழுத்திலும் போட்டிருப்பார்கள். மையத்துக்கு வருகிறவர்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொண்டு சினிமா பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள். விருந்தினர் வைஃபை என்று தனியாக வைத்து அதற்கு வரம்பு போடலாம்.

மாலை நேரம் மட்டும் என்றால் நெரிசல். ஃபைபர் இணைப்பில் ஒரு லைன் 2.5 கிகாபிட், அதைப் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகள் பிரித்துக்கொள்ளும். அந்த இடத்தில் நெரிசல் வருவது அபூர்வம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியூர் போகும் பாதை சிறிதாக இருந்தால்தான் இப்படி ஊரே சேர்ந்து திணறும். அடுத்த தெருவில் அதே கம்பெனி இணைப்பு வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் அதே நேரத்தில் அதே கதி என்றால் உங்கள் மோடத்தைக் குடைவதில் பயனில்லை.

புகாரை வாயால் சொல்லாதீர்கள். ஒரு வாரம், விடியற்காலையிலும் இரவு ஒன்பதுக்கும் கேபிள் போட்டுச் சோதித்து, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். செல்போனில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு வரவில்லை என்றால் ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் விதி. கட்டணம் கிடையாது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'வேலை நடக்கிறது' என்ற பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தர வேண்டும் என்றதும் பாதி வேலை வேகமாக நடக்கும்.

*

கேள்வி: லைன் சரி பண்ண வருகிறவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? எங்கள் ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகர், பாபநாசம்

பதில்: கம்பெனி லைன் பழுதுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குள்ளே புதிதாக வயர் இழுக்கச் சொன்னால் மட்டும் வயருக்கும் வேலைக்கும் உள்ள கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மற்றபடி ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் நின்றால் அதுவே பெரிய உதவி. டிபி பெட்டி இருக்கும் கம்பத்தில் நாற்காலியைப் போட்டு ஏறச் சொல்லாதீர்கள், அந்தக் கம்பத்தில் கரண்டும் போகிறது.